இலைப் பச்சை

பம்பாயில் ஜூன் பிறந்துவிட்டால் சீனியில் ரோஜா செய்வது லேசான காரியம் இல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் சீனி குடித்துவிடும். காலையில் விரைப்பாக நிறுத்தி வைத்த இதழ் மத்தியானத்துக்குள் துவண்டு படுத்துவிடும். அதனால்தான் எங்கள் பேக்கரியில் பூ வேலைக்கென்று ரொட்டி அடுப்புக்கு மேலேயே ஓர் அறை கட்டியிருந்தார்கள். கீழே ரொட்டி வேகும், மேலே பூ காயும். உள்ளே உட்கார்ந்தால் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். ஆனால் மழைக்காலம் முழுக்கப் பூ நிற்கும். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்ததும் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் நிதானமாகவே எழுதுங்கள் ஐயா. எனக்கு அவசரம் எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். பஞ்சாபகேசன் என்று ஒரு தமிழ் குமாஸ்தா இருக்கிறார் என்றார்கள், நீங்கள் வரட்டும் என்று காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். யாரும் என்னைத் தேடவில்லை, என் பேரில் புகாரும் இல்லை, பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் நயினார். வயது முப்பத்தேழு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருப்பு தாராவியில். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் சிராஜ் சேட்டின் பேக்கரியில் பதினெட்டு வருஷமாகக் கேக் அலங்கார வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் பாந்த்ராவில் ஒரு கோவாக்காரரிடம் நாலு வருஷம் தொழில் கற்றேன். கேக் மேல் பூ என்றதும் காகிதக் கூம்பில் ஐசிங்கை அடைத்துப் பிழிவது என்று பலர் நினைக்கிறார்கள். அதை யாரும் செய்யலாம். நான் செய்வது வேறு. சீனியை மாவாக இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஊறவைத்த கதீராப் பிசினும் முட்டையின் வெள்ளைக்கருவும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைய வேண்டும். ஒரு மணி நேரம் பிசைந்தால் களிமண் மாதிரி வசப்படும். அதைக் கிள்ளி, விரலில் சோளமாவு தொட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் காகிதத்தைவிட மெல்லிசாக அழுத்தினால் ஓர் இதழ். என் ரோஜாவில் இருபத்தேழு இதழ் இருக்கும். ஒன்றுக்கொன்று அளவு பிசகாது. கோவாக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

பேராச்சி வந்தது நாற்பத்திரண்டில். அவளும் தாராவிதான், எங்கள் பக்கத்துக்காரிதான். புருஷன் தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. சீனி இடிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும் என்று சேட் கேட்டபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இதை நீங்கள் மறக்காமல் எழுத வேண்டும். அவளுக்கு நான் கெடுதல் நினைத்தவன் இல்லை.

ஒரு வருஷம் அவள் இடித்தாள், சலித்தாள், கழுவினாள். வாய் பேசமாட்டாள். பிறகு எனக்கு மலேரியா வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் போனபோது தட்டில் ஆறு ரோஜாக்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் செய்யாத ரோஜாக்கள். ஒன்றை எடுத்து எண்ணினேன். பதினோரு இதழ்தான். இரண்டு இதழ் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. ஓரத்தில் ஒன்று சுருண்டிருந்தது. கணக்குப்படி பார்த்தால் தப்பான பூ. ஆனால் பறித்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று தோன்றியது.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி," என்றாள் பேராச்சி. "சேட்டு வந்து சத்தம் போட்டாரு, அதான் உருட்டிப் பாத்தேன்."

"எதைப் பாத்துச் செஞ்ச?"

"எதையும் பாக்கல. மார்க்கெட்டுல பூக்காரி வாட ஆரம்பிச்ச ரோசாவ ஓரத்துல ஒதுக்கிப் போடுவால்லா, அத மனசுல வச்சுக்கிட்டேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அன்றைக்கே சிராஜ் சேட் மேலே வந்தார். அவருடைய அப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்தவர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பாதி தமிழ், பாதி இந்தி பேசுவார். ஒரு பூவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நயினார், யே தேக்கோ. பதினெட்டு வருஷத்துல நீ ஒரு தடவகூட இப்படிச் செய்யல," என்றார்.

அப்போது பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நான் திருத்தவில்லை.

அவளுக்கு ஜன்னல் ஓரத்தில் ஸ்டூல் போட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. கம்பியில் காம்பு கட்டுவது, இலைக்கு நரம்பு கீறுவது, காய்ந்த பூவுக்குத் தூரிகையால் வர்ணம் ஏற்றுவது. தூரிகையின் முனை ஊசி மாதிரி இருந்தால்தான் இலை ஓரத்தில் கோடு ஓடும். அதற்கு அதை உதட்டில் வைத்து நனைத்துக் கூராக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கோவாக்காரர் செய்தார், நான் செய்தேன், அவளும் கற்றுக்கொண்டாள். தின்கிற பண்டத்துக்குப் பூசுகிற வர்ணத்தை நாக்கில் வைக்க யார் யோசிப்பார்கள்.

நான் இருபது வருஷத்தில் கற்றதை அவள் எட்டு மாதத்தில் தாண்டிப் போனாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் நீங்களும் ஓர் ஆபீசில் வேலை பார்ப்பவர். நேற்று வந்த ஒருவன் உங்கள் பேனாவை எடுத்து உங்களைவிட நன்றாக எழுதுகிறான், அதுவும் முயற்சியே இல்லாமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை வெறுக்கவும் முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

துறைமுகத்தில் கப்பல் வெடித்ததே நாற்பத்துநாலில், அந்த வருஷம். தாதரிலிருந்து ஒரு பார்ஸிக்கார அம்மாள் மகள் கல்யாணத்துக்குக் கேக் சொல்ல வந்தாள். கண்ணாடி அலமாரியில் என் பூவும் பேராச்சி பூவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த அம்மாள் விரல் நீட்டி, இந்தப் பூதான் வேண்டும், அது வேண்டாம், அது பீங்கான் மாதிரி இருக்கிறது என்றாள். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் செய்தது என்றே அவளுக்குத் தெரியாது. அந்தப் பீங்கான் என்ற சொல் வெகுநாள் என்னோடேயே இருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தால்கூட அது வரும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சேட் என்னைக் கூப்பிட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "மாவும் கலரும் உன் பொறுப்பு. பூ பேராச்சி பொறுப்பு. டீக் ஹை?" என்றார். நான் சரி என்றேன். அதாவது, அவள் இடத்துக்கு நான் போனேன். பிசைந்து கொடுக்கிற கை என்னுடையது.

பேராச்சி அன்று மேலே வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நான் கேக்கல அண்ணாச்சி. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்னு சேட்டுகிட்ட நூறு மட்டம் சொல்லிட்டேன்," என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் தலைக்கனத்தோடு நடந்திருந்தால் நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

இனி வர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பும் ரோஸும் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது, எப்படியாவது கிடைத்துவிடும். மஞ்சளுக்குக் குங்குமப்பூ. பச்சைதான் தொல்லை. கீரைச் சாற்றில் பச்சை வரும், ஆனால் காய்ந்தால் சாணி நிறமாகிவிடும். நல்ல பச்சை சீமையிலிருந்து சின்னச் சீசாவில் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் அது நின்றுபோனது. இலை இல்லாத ரோஜாவைக் கேக்கில் வைத்தால் மொட்டையாக இருக்கிறது என்று சேட் தினமும் முணுமுணுத்தார். கலர் என் பொறுப்பு.

எங்கள் ஊர்க்காரன் சுயம்பு கொசு ஒழிக்கிற கூட்டத்தில் வேலை பார்க்கிறான். செம்பூருக்கு அந்தப் பக்கம், டிராம்பே போகிற வழியில், சேற்றுத் தண்ணீர் தேங்குகிற இடங்களில் எல்லாம் அவர்கள் ஒரு பொடியைத் தூவுவார்கள். கொசுப் புழு அதைத் தின்று சாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீரின் மேல் அந்தப் பொடி படர்ந்து கிடந்தது. ஐயா, அந்தப் பச்சையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தளிரும் இல்லை, முற்றின இலையும் இல்லை. மழை நின்ற மறுநாள் காலையில் ரோஜா இலை எந்த நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். கையை நீட்டித் தொடப் போனேன்.

"தொடாதயும் வே," என்றான் சுயம்பு. "அந்தத் தண்ணியக் குடிச்ச எருமை ஒண்ணு போன வாரம் மலந்து கெடந்துச்சு. நாங்களே நாலு மட்டம் கையக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கோம்."

அவன் மகளுக்குப் பிறந்த நாள் வந்தது. ஒரு கேக் செய்து கொடுத்தேன். அவன் ஒரு டப்பாப் பொடி கொடுத்தான். வீட்டில் எலித் தொல்லை என்று சொல்லியிருந்தேன்.

நான் அதைக் குழைத்துப் பேராச்சி முன்னால் வைத்தபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஓர் இலைக்குப் பூசிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் அண்ணாச்சி செடிக்கு உசிரு வந்திருக்கு," என்றாள். சேட் கீழேயிருந்து ஓடிவந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிராபோர்ட் மார்க்கெட்டில் ஒரு பழைய சரக்குக்காரனிடம் என்றேன். என் முதுகில் தட்டினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் தூரிகையை உதட்டில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலையைத் தின்பவர்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். பூவும் இலையும் பார்ப்பதற்கு. கேக்கை வெட்டுகிறபோது அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். பல வீடுகளில் கண்ணாடிப் பெட்டியில் வருஷக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. நான் செய்த பொருளை யாரும் தின்று நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு ஒரு மனக்குறைதான், ஆனால் அது வேறு விஷயம்.

அந்த நாளிலிருந்து நான் தூரிகையை உதட்டில் வைப்பதை விட்டுவிட்டேன். ஈரத் துணி ஒன்றை மடித்து வைத்து அதில் தொட்டுக்கொண்டேன். பேராச்சி அதைக் கவனித்தாள். "என்ன அண்ணாச்சி, துணியில தொட்டுக்கிடுதிய?" என்று கேட்டாள். பல் கூசுகிறது என்றேன். மறுநாள் எனக்குக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் கை கொஞ்சம் மட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் படுக்கட்டும், சேட் என் ரோஜாவை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். அவ்வளவுக்குத்தான் என் கணக்கு.

முதலில் வயிற்றுவலி வந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான், ரேஷன் அரிசி அப்படி. பிறகு வாந்தி. சில நாள் வரமாட்டாள், வீட்டில் இருந்தால் சரியாகிவிடும். மறுபடி வேலைக்கு வருவாள். உள்ளங்கையில் சின்னச் சின்னதாகக் காய்ப்புக் காய்த்தது. கழுத்தில் மழைத்துளி பட்ட மண் மாதிரி புள்ளி புள்ளியாகக் கறுத்தது. ஆறேழு மாதத்தில் விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்தது. சோளமாவைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை என்றாள். நான்தான் அவளைச் சயான் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் இல்லை என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தினமும் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெண்டாட்டிகூட, கூடப் பிறந்த தங்கச்சிக்குக்கூட யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்றாள்.

கை மரத்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். மெல்லிய ஓரம் அவளுக்கு வரவில்லை. இதழ் தடித்துப் போனது. என் இருபத்தேழு இதழ் ரோஜாவை எடுத்துப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? விரலை விட்டுவிட்டாள். உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தி, இதழைக் கொஞ்சம் முரடாக, காற்றில் அடிபட்ட மாதிரி செய்தாள். ஓரம் கிழிந்த இடத்தைக் கிழிந்தபடியே விட்டாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சேட் பார்த்தார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். "யே தோ ஜிந்தா ஹை," என்றார். உயிரோடு இருக்கிறதாம்.

அந்தச் சமயம்தான் ஜெர்மன் யுத்தம் முடிந்தது. செம்பூரில் ஒரு பட்டாளத்து மெஸ்ஸில் விருந்து. ஐந்து அடுக்குக் கேக். அடியிலிருந்து உச்சி வரை கொடியாக ரோஜாவும் இலையும் ஏற வேண்டும். மாவு முழுக்க நான் பிசைந்தேன். கொடிக்குக் கம்பி நான் வளைத்தேன். மெஸ்ஸுக்கு வண்டியில் கேக்கின் பலகையை மடியில் வைத்துக் கொண்டுபோனவன் நான். அங்கே ஒரு வெள்ளைக்காரன் போட்டோ எடுத்தான். செய்தவரை நிறுத்துங்கள் என்றான். சேட் பேராச்சியை நிறுத்தினார். அவள் கூச்சப்பட்டு, "அண்ணாச்சியும் வரட்டும்," என்றாள். பலகை ஆடாமல் இருக்க நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டோ வந்து பேக்கரியில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதில் பேராச்சி இருக்கிறாள், கேக் இருக்கிறது, வலது ஓரத்தில் மணிக்கட்டு வரை என் கை இருக்கிறது. நீங்கள் போனால் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு பச்சையைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்தேன்.

ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்தது. மழைக்காலம், மத்தியான நேரம், நாங்கள் இருவர் மட்டும் மேலே இருந்தோம். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. லீவு போட்டா எனக்குச் சரியாவுது. இங்கன வந்தா வருது. இந்தப் பச்சையில ஏதும் இருக்குமோ?"

"நானுந்தான் தொடுதேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றேன். என் மேஜையிலிருந்த கிண்ணத்தில் தூரிகையைத் தோய்த்து, அவள் பார்க்க உதட்டில் வைத்துக் கூராக்கிக் காட்டினேன். நாக்கை நீட்டினேன். பச்சையாக இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். சோறு போட்ட மனுசரப் போயி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் எனக்குச் சுட்ட கருவாடும் கஞ்சியும் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். கப்பல் பட்டாளத்துக்காரர்கள் கலகம் செய்து, ஊரெல்லாம் டிராமைக் கொளுத்தினார்களே, அந்த வாரம். கடைசி மூன்று வாரம் அவளால் நடக்க முடியவில்லை. தாராவியில் அவள் குடிசைக்கு நான் தினமும் போனேன். ஒருநாள், காய்ந்துகொண்டிருந்த இலைகளைத் திருப்பிப் போட்டீர்களா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது. தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் பாடையைச் சந்து சந்தாகத் தூக்கிக்கொண்டு போனோம். முன்பக்கம் வலது தோள் என்னுடையது. சிராஜ் சேட் பேக்கரியை ஒருநாள் முழுக்க அடைத்தார். என் அப்பா செத்தபோது எனக்கு அரைநாள் லீவு கொடுத்தார்.

அவள் போன பிறகு அந்தப் பச்சையை நான் குழைக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஆனால் அவள் செய்து வைத்திருந்த இலைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சேட் அவற்றைப் பொக்கிஷம் மாதிரி எடுத்து வைத்திருந்தார். போன மாதம் செம்பூரில் ஒரு வீட்டில் குழந்தையின் பிறந்த நாள். அந்தக் கேக்குக்கு என் ரோஜாவையும் அவள் இலையையும் வைத்து அனுப்பினார். பிள்ளைகள் ரோஜாவைத் தொடவில்லை. இலையைப் பிய்த்துத் தின்றிருக்கிறார்கள், அது அவ்வளவு நிஜமாக இருந்திருக்கிறது. நாலு பிள்ளைகள். மூன்று பேருக்கு வாந்தியோடு போயிற்று. ஒரு பெண் குழந்தை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டது.

அதற்கு மேல்தான் சுகாதார அதிகாரி பேக்கரிக்கு வந்தார். பெட்டியை எடுத்தார். அலமாரியின் அடியில் இருந்த டப்பாவையும் எடுத்தார். சேட் பயந்துபோய் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கலர் எல்லாம் பேராச்சி என்று ஒருத்தி பார்த்துக்கொண்டாள், எங்கிருந்தோ அவளே இந்தப் பச்சையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள், படிப்பறிவு இல்லாதவள், அவளும் அதிலேயே செத்துப்போனாள். அப்படித்தான் ரிப்போர்ட் எழுதினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி என்னிடம் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார்.

மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. செத்துப்போன ஒருத்தியின் மேல் பழி போடுவது எனக்குச் சம்மதம் இல்லை. அவள் பாவம், பொடி எது, வர்ணம் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும். அவளுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றுதான் வந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யுத்தத்தில் பச்சை கிடைக்கவில்லை என்று சொன்னேன். கடையில் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சீமைப் பச்சை இரண்டு சீசா, மூடி திறக்காதது, என் வீட்டு டிரங்குப் பெட்டியில் நாற்பத்தொன்றிலிருந்தே இருந்தது. கஷ்ட காலத்துக்கு இருக்கட்டும் என்று நான் ஒதுக்கி வைத்தது. ஒன்றைத் திறந்தது, அவள் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு ஒரு வாரம் முன்னால். கேட்பாள் என்று எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வாரமாக அதை என் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தேன். நான் நாக்கில் வைத்தது அந்தப் பச்சை. அவள் கிண்ணத்தில் இருந்தது மற்றது. இன்னொரு சீசா இன்னும் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பேராச்சியைக் கொன்றது நான்தான். ஒன்றே கால் வருஷம், ஒவ்வொரு இலையாக. அதில் எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டை மட்டும் திருத்தச் சொல்லுங்கள் ஐயா. பச்சையைப் பேராச்சி கண்டுபிடித்தாள் என்று அதில் இருப்பது பொய். ரோஜா அவளுடையது, நான் மறுக்கவில்லை. கொடி அவளுடையது, போட்டோ அவளுடையது. அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்து அதுதான் இலையின் நிறம் என்று கண்டுகொண்டவன் நான். அது என் கண். எத்தனை தண்ணீர் விட்டால் தளிர், எத்தனை விட்டால் முற்றின இலை என்று பார்த்துப் பார்த்துக் குழைத்தவன் நான். அந்த அதிகாரி பெட்டியைத் திறந்ததும் ஓர் இலையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். நிஜ ரோஜா இலை என்றே நினைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். நயினார் என்று என் பெயரைப் போட்டு, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.